கும்பினிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்த தமிழர் எவ்வளவு உயரம் போக முடிந்தது?

கும்பினி என்று நம்மவர் சொன்ன கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்த நம் ஊர்க்காரர் யாராவது பெரிய அதிகாரியாக உயர்ந்ததுண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. மதுரைப் பக்கம் கம்மந்தான் (கமாண்டன்ட், அதாவது படைத்தலைவர்) கான்சாகிபு என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். யூசுப் கான், மருதநாயகம் என்பதெல்லாம் அவர்தான். ராமநாதபுரம் சீமையில் பனையூரில் பிறந்தவர் என்பார்கள்.

அவர் மேலே வந்தது திருச்சியில். 1752 முதல் 1754 வரை அந்தக் கோட்டைக்காக நடந்த சண்டையில், பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சுற்றி நின்றபோது, கும்பினிக்குக் குண்டைவிட அரிசிதான் பெரிய கவலை. புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து தானியம் காட்டுவழியாக வந்து சேர வேண்டும். யூசுப் கானுக்கு அந்தப் பாதைகள் அத்துப்படி. எதிரி எந்தப் பக்கம் நகர்கிறான் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வார், பொதிகளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பார். கும்பினியின் தளபதி லாரன்ஸ் அவரை மனம்விட்டுப் பாராட்டி எழுதியிருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரிக்குத் தெரியாத நாட்டை இவர் அறிந்திருந்தார், பதவி அதற்குத்தான் கிடைத்தது என்பது என் எண்ணம்.

அங்கேயே அவர் தலை போயிருக்கும். லாரன்ஸிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த பொன்னப்பன் என்பவர், யூசுப் கான் மைசூருக்குக் கோட்டையைக் காட்டிக்கொடுக்கப் போவதாக ஒரு பொய்க் கடிதம் தயாரித்தார். யூசுப் கானைக் காவலிலும் வைத்துவிட்டார்கள். அப்புறம் சூழ்ச்சி வெளிப்பட்டு, துபாஷியைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். 1754-லேயே கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் யூசுப் கான் கம்மந்தான் ஆனார்.

1756-ல் மதுரைக்கு அனுப்பினார்கள். 1758–59-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியில் இருந்துகொண்டு பிரெஞ்சுக்காரருக்கு வந்த உணவை மறித்தார். திருச்சியில் காப்பாற்றியதை இங்கே தடுத்தார், அவ்வளவுதான் வித்தியாசம். அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இரண்டும் அவர் கையில். 1761-ல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலைப் பிடித்தவரும் இவரே. அவரை வீரர் என்று கொண்டாடும் நம்மில் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம், அது சரியில்லை. பூலித்தேவர் கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்றவர்.

இவ்வளவு உயர்ந்தும் அவருக்கு ஓர் எல்லை இருந்தது. கும்பினி அவருடைய வேலையை ஏற்றுக்கொண்டது, அவரை ஆளுகிறவராக ஏற்கவில்லை. ஆற்காடு நவாப் முகமது அலி, தன் கீழ் அடங்கிய ஆளாக அவர் இருக்க வேண்டும் என்றார். கும்பினியும் நவாப் பக்கமே நின்றது. 1763-ல் யூசுப் கான் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றிவிட்டார். மழைக்காலம் முதல் முற்றுகையைக் கெடுத்தது. 1764 ஜூனில் கோட்டை மேல் ஏறிய படையையும் அவர் விரட்டியடித்தார், கும்பினியின் மேஜர் பிரெஸ்டன் அதில் பட்ட காயத்தால் இறந்தார். வெளியிலிருந்து எதுவும் வராமல் அடைத்துப் பட்டினி போட்ட பிறகுதான் கோட்டைக்குள் பிளவு வந்தது. தொழுகை நேரத்தில் அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டினார்கள். 1764 அக்டோபர் 15-ல் தூக்கு. சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் இன்றும் இருக்கிறது.

அவருக்குப் பின் போகப்போக, இந்தியச் சிப்பாய் எவ்வளவு திறமை காட்டினாலும் சுபேதார், சுபேதார் மேஜர் என்று வெள்ளைக்கார அதிகாரிக்குக் கீழ்ப்பட்ட பதவிகளோடு நிறுத்தினார்கள். அதிகாரிகளைப் பயிற்றும் இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவப் பள்ளியில் இந்தியருக்கு இடம் கிடைக்க 1918 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.