மாலை ரிப்போர்ட்டை நம்பி ஊசியா?

கேள்வி: வயதானால் ஆண் ஹார்மோனின் காலை–மாலை ஏற்ற இறக்கம் போய்விடும் என்கிறார்களே? எனக்கு 61 வயது. சம்பா அறுவடை வேலை முடித்து, காபி, போண்டா சாப்பிட்டுவிட்டு மாலை 5 மணிக்குக் கும்பகோணத்தில் ரத்தம் கொடுத்தேன். டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) 270. ஊசி போட்டுக்கொள்ளலாம்தானே? கோயில் குரங்குகளுக்கும் இப்படித்தானா?
– பாபநாசம் வாசகர்

பதில்: வேண்டாம். நீங்கள் கேள்விப்பட்டது பாதிதான் உண்மை.

இளைஞருக்கு இந்த ஹார்மோன் தூக்கத்தோடு ஏறத் தொடங்கி, விடிகாலையில் உச்சம் தொட்டு, மாலையில் இறங்கும். 1983-ல் அமெரிக்காவில் பிரெம்னர் குழுவினர் 24 மணி நேரமும் மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். முதியவர்களிடம் அந்தக் காலை உச்சம் வெகுவாக மழுங்கியோ, இல்லாமலோ இருந்தது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்குக் கட்டளையாக அனுப்பும் எல்.எச். ஹார்மோனின் துடிப்புகள் சிறுக்கின்றன, விரையில் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்களும் அதற்கு முன்போல் அசைந்துகொடுப்பதில்லை.

ஆனால் மழுங்கினாலும் எல்லோருக்கும் அடியோடு போவதில்லை. பின்னாளில் வந்த கணக்கு இது: 30–40 வயதில் மாலை 4 மணி அளவு காலை 8 மணியைவிட 20–25 சதவீதம் குறைவு, 70 வயதிலும் 10 சதவீதம் குறைவு. உங்கள் 270 காலையில் 300-ஐ எட்டியிருக்கலாம். இதற்குக் கீழே குறைவு என்று மருத்துவர்கள் கோடு போடுவதே அந்த 300-ஐ ஒட்டித்தான்!

போதாக்குறைக்குப் போண்டாவும் காபியும் வேறு. 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்தாலே டெஸ்டோஸ்டிரோன் சராசரியாகக் கால்பங்கு சரிகிறது. சர்க்கரைப் பரிசோதனையும் அதே நாளில் என்றால், அந்தத் தண்ணீரைக் குடிக்கும் முன்பே இதற்கான ரத்தத்தை எடுக்கச் சொல்லுங்கள்.

காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில் போங்கள். நடுராத்திரி எழுந்து மோட்டார் போட்ட மறுநாள் போகாதீர்கள். ஒரு வாரம் 5 மணி நேரமே தூங்கிய இளைஞர்களுக்கே பகல் அளவு 10–15 சதவீதம் இறங்கியிருக்கிறது. காய்ச்சல் கண்டிருந்தால் தேறிய பிறகு போதும். பயோட்டின் (முடி, நகத்துக்கென்று விற்கும் வைட்டமின்) மாத்திரை சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அளவு பொய்யாக ஏறும். குறைவாக வந்தால் இன்னொரு நாள் அதே லேபில், அதே நேரத்தில் மறுபடி எடுங்கள். அப்போதும் குறைவென்றால் எல்.எச்., பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்.எஸ்.எச்., ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதமான எஸ்.எச்.பி.ஜி. மூன்றும் பார்க்க வேண்டும். எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். ஏறாமலிருந்தால் பிட்யூட்டரிப் பக்கம் தேட வேண்டும். வயது கூடக்கூட எஸ்.எச்.பி.ஜி. அதிகரித்து ஹார்மோனைக் கட்டிப்போடும். மொத்த அளவு சரியாகத் தெரிந்தாலும் உடலுக்குக் கிடைப்பது குறைவாக இருப்பது இதனால்தான்.

தேவையில்லாமல் ஊசி போட்டால் ரத்தம் கெட்டிப்படும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.

குரங்குகளுக்கு வேறு கடிகாரம். நம் கோயில் குரங்குகள் சேர்ந்த மக்காக் இனத்தில் டெஸ்டோஸ்டிரோன் உச்சம் இரவில். அதே இனத்தின் வட இந்தியக் குரங்கான ரீசஸில், வயதான ஆணிடம் தெளிவாகச் சரிவது சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி தரும் டி.எச்.இ.ஏ.எஸ். என்ற ஹார்மோன்; அதன் பகல் நேர ஏற்றம் தட்டையாகிவிடுகிறது. எலியின் அட்ரினல் அதைச் சுரப்பதே இல்லை எனலாம், அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்குக் குரங்கைத் தேடுகிறார்கள்.

அடுத்த ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த மணியைக் கட்டாயம் எழுதி வாங்குங்கள்.