ஆன்லைனில் படிக்கலாம், நோயாளியை எங்கே பார்ப்பது?

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: கடலூரில் வார்டு நர்ஸாகவும், புதுச்சேரியில் நர்சிங் ஆசிரியையாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: மேடம், எனக்குச் சொந்த ஊர் நெல்லிக்குப்பம். புதுச்சேரியில் பி.எஸ்சி. நர்சிங் படித்தேன். இப்போது டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆக வேலை, கிரீன் கார்டும் வந்துவிட்டது. நைட் டூட்டி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அதனால் ஆன்லைனில் எம்.எஸ்.என். (முதுநிலை நர்சிங்) படித்து நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதுகிற நர்ஸ், ஆகலாம் என்று இரண்டு கல்லூரிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் கட்டணம் மற்றதில் பாதிதான், ஆனால் கிளினிக்கலுக்கு, அதாவது நோயாளியை நேரில் பார்த்துப் பழகும் பயிற்சிக்கு, இடத்தை நாமே பிடித்துக்கொள்ள வேண்டுமாம். இன்னொன்றில் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். கூட வேலை பார்ப்பவர்கள் "எல்லா டிகிரியும் ஒன்றுதான், குறைந்த கட்டணத்தில் சேர்" என்கிறார்கள். மனநலப் பிரிவு எடுத்தால் சம்பளம் அதிகம் என்றும் சொல்கிறார்கள். குழம்பிப் போயிருக்கிறேன். இந்தக் கடிதத்தை அம்மா மூலமாக உங்களுக்கு அனுப்புகிறேன்.
(வாசகி, டல்லாஸ்)

பதில்: சிஸ்டர், கட்டணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இரண்டு கல்லூரிக்கும் ஒரே மெயிலை அனுப்புங்கள். "நான் டெக்சாஸில் குடியிருக்கிறேன். என் கிளினிக்கல் மணி நேரத்தை எந்த ஊரில், யாரிடம் முடிப்பேன்? ஆள் அமையாவிட்டால் அந்தப் பருவத்தில் என்ன செய்வீர்கள்?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். அட்மிஷன் பிரிவில் போனில் தேனொழுகப் பேசுவார்கள். நாளைக்குச் சிக்கல் வந்தால் அந்தப் பேச்சு உங்களுக்குக் கைகொடுக்காது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இந்தப் படிப்பில் ஆன்லைன் என்பது தியரி மட்டும்தான். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புகளுக்கு வகுத்திருக்கும் தேசியத் தர வரையறை 2022-ல் திருத்தப்பட்டது. அதன்படி நோயாளியை நேரில் பார்க்கும் நேரம் குறைந்தது 750 மணி இருக்க வேண்டும். முன்பு 500 என்று இருந்தது. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 8 மணி நேரம் போனாலும் ஏறக்குறைய 47 வாரம் ஆகும். சம்பளம் கிடையாது. நைட் டூட்டி முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பகலில் போய் நிற்க வேண்டிய வாரங்கள் அவை.

அங்கே உங்களைப் பக்கத்தில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஓர் அனுபவமுள்ள நர்ஸ் பிராக்டிஷனரோ டாக்டரோ வேண்டும். பிரிசெப்டர் என்பார்கள். மாணவி வந்தால் நோயாளி பார்க்கும் வேகம் குறையும் என்று பல கிளினிக்குகள் கையை விரித்துவிடும். சில இடங்களில் பணம் கேட்பார்கள். ஆள் பிடித்துத் தருவதையே தொழிலாகச் செய்கிற கம்பெனிகளும் உண்டு, அவர்களுக்கும் கொடுக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பருவம் தள்ளிப்போகும், படிப்பு நீளும். பாதிக் கட்டணம் என்று நீங்கள் பார்த்த தொகை அப்போது பாதியாக இருக்காது.

அதற்காக, ஏற்பாடு செய்கிறோம் என்று சொல்லும் கல்லூரியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். பத்து கிளினிக்கின் பெயரை எழுதி அனுப்பிவிட்டு, நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று விடுகிற இடங்களும் உண்டு. உங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணி நேரக் கார் பயணத்துக்குள் இடம் தருவார்கள் என்று கேளுங்கள். இப்போது அங்கே படிக்கிற டெக்சாஸ் மாணவி ஒருவரோடு பேச வையுங்கள் என்றும் கேளுங்கள். தயங்கினால் அங்கேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கையும் கண்ணும் பழகுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். நான் வார்டில் இருந்த காலத்தில் தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவப் பெரியவர் வந்தார். வறட்டு இருமல், வாரக்கணக்காக விடவில்லை. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் சுத்தமாகக் கேட்கிறது. டூட்டி டாக்டர் இருமலைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சட்டைப் பையில் என்ன மாத்திரை வைத்திருக்கிறீர்கள் ஐயா என்றார். பெரியவர் கசங்கிப்போன அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். எனலாப்ரில், ரத்தக் கொதிப்புக்குக் கொடுத்தது. அந்த வகை மாத்திரை உடம்பில் பிராடிகைனின் என்ற பொருளைச் சேரவிடும், சிலருக்கு அதுவே தொண்டையைச் சீண்டி இருமலைக் கொண்டுவரும். டாக்டர் மாத்திரையை மாற்றினார். சில வாரத்தில் இருமல் நின்றது. என் கையில் அப்போது இருமல் டானிக் பாட்டில் தயாராக இருந்தது.

நர்ஸாக இருக்கும்வரை எழுதிக்கொடுத்ததைச் சரியாகக் கொடுத்தால் போதும். பிராக்டிஷனர் ஆனபின் சட்டைப் பையைப் பற்றிக் கேட்க வேண்டியவர் நீங்கள். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் மூன்று பாடங்களை அடித்தளமாக வைத்திருப்பதும் இதற்குத்தான்: நோய் உடம்பில் எப்படி நடக்கிறது என்கிற உயர்நிலை பேத்தோபிசியாலஜி, உயர்நிலை ஃபார்மகாலஜி, உயர்நிலை உடல் பரிசோதனை. முதல் இரண்டையும் நைட் டூட்டி இடைவேளையில்கூட வீடியோவில் பார்த்துப் படித்துவிடலாம். மூன்றாவதை அப்படிப் படிக்க முடியாது. காதுக்குள் ஓட்டோஸ்கோப் வைத்துச் செவிப்பறையைப் பார்ப்பதையும், வயிற்றில் கல்லீரல் ஓரத்தைத் தடவி அறிவதையும் யாராவது பக்கத்தில் நின்று திருத்த வேண்டும். சில கல்லூரிகள் ஆன்லைன் மாணவர்களையும் சில நாள் நேரில் வரவழைத்துக் கையைச் சோதிக்கும். விமானச் செலவு என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். அப்படி வரவழைக்கிற கல்லூரியைத்தான் நான் கூடுதலாக மதிப்பேன்.

அங்கீகாரத்தைக் கல்லூரி விளம்பரத்தில் பார்க்க வேண்டாம். சி.சி.என்.இ., ஏ.சி.இ.என். போன்ற அங்கீகார அமைப்புகளின் சொந்தப் பட்டியலில் தேடுங்கள். அந்தக் கல்லூரியில் படித்தால் டெக்சாஸில் லைசென்ஸ் கிடைக்குமா என்பதைக் கல்லூரியிடமும் கேளுங்கள், டெக்சாஸ் நர்சிங் போர்டிலும் தனியாக உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபோகும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே விசாரியுங்கள். டெக்சாஸில் நர்ஸ் பிராக்டிஷனர் மருந்து எழுத ஒரு டாக்டரோடு எழுத்து மூலம் ஒப்பந்தம் வேண்டும். சில மாநிலங்களில் அது தேவையில்லை. படித்து முடித்தவர்களில் எத்தனை பேர் சான்றிதழ் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறினார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்ற இரண்டு கணக்கையும் சேர்த்துக் கேளுங்கள். பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டால், மிஞ்சியவர்களின் தேர்ச்சி விகிதம் பளபளப்பாகத்தான் தெரியும்.

பிரிவைப் பற்றி. ஃபேமிலி பிரிவு கிளினிக் வேலைக்கானது. குழந்தை முதல் முதியவர் வரை பார்க்கலாம். ஐ.சி.யூ.வில் தொடர ஆசை என்றால் அக்யூட் கேர் பிரிவுதான் எடுக்க வேண்டும், ஃபேமிலி படித்துவிட்டு அங்கே போய் நிற்க முடியாது. மனநலப் பிரிவு நல்ல பிரிவு, அமெரிக்காவில் அதற்கு ஆள் தேவையும் இருக்கிறது. ஆனால் மணிக்கணக்கில் ஒருவர் துயரத்தைக் கேட்கிற பொறுமை வேண்டும், தற்கொலை எண்ணத்தோடு வருகிறவரிடம் நேராக அதைக் கேட்கிற தெம்பு வேண்டும். அது உங்களுக்குப் பிடித்திருந்தால் எடுங்கள். சம்பளத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம், சிஸ்டர். வருகிறவர்கள் உடைந்துபோய் வருகிறவர்கள்.

கடன் வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். முதுநிலை மாணவர்களுக்கு இருந்த கிராட் பிளஸ் அரசுக் கடன் 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குகிறவர்களுக்கு இல்லை என்று 2025-ல் சட்டம் வந்துவிட்டது. உங்கள் மருத்துவமனை படிப்புச் செலவில் பங்கு தருமா என்று எச்.ஆரில் கேளுங்கள், பல இடங்களில் தருகிறார்கள். மதிப்பெண் சான்று தேவைப்பட்டால், பட்டம் புதுவைப் பல்கலைக்கழகத்துடையது என்றால், அம்மாவிடம் அதிகாரக் கடிதம் கொடுத்துக் காலாப்பட்டுக்கு அனுப்பலாம். மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே நேராக அனுப்ப வேண்டியிருக்கலாம், அதை முன்னரே கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். பாவம், அவரை இரண்டு தடவை அலைய விடாதீர்கள்.

கேள்வி: நர்ஸ் பிராக்டிஷனர் ஆக எம்.எஸ்.என். போதுமா, டி.என்.பி. (நர்சிங்கில் முனைவர் நிலைப் பட்டம்) முடித்தால்தான் மதிப்பா? என் தங்கை நியூஜெர்சியில் கேட்கிறாள்.
(வாசகி, லாஸ்பேட்டை)

பதில்: சான்றிதழ் தேர்வு எழுத எம்.எஸ்.என். போதும். டி.என்.பி. பாடம் எடுக்கவும் நிர்வாகத்துக்கும் உதவும். முதலில் எம்.எஸ்.என். முடித்து இரண்டு மூன்று வருடம் நோயாளி பார்க்கட்டும், பிறகு முடிவு செய்யலாம். மயக்க மருந்து நர்ஸ் ஆக விரும்பினால் கணக்கு வேறு. அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்கிறவர்கள் இப்போது முனைவர் நிலைப் படிப்பில்தான் சேர முடியும்.

கேள்வி: நான் புதுச்சேரியில் தனியார் மருத்துவமனை ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸ். வீட்டிலிருந்தபடியே அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் பட்டம் வாங்கலாம், முடித்தவுடன் விசா என்று ஒரு ஏஜென்சி சொல்கிறது. முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா?
(வாசகி, முத்தியால்பேட்டை)

பதில்: வேண்டாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அந்தப் படிப்பில் சேரவே அமெரிக்காவின் ஏதோ ஒரு மாநிலத்தில் ஆர்.என். லைசென்ஸ் இருக்க வேண்டும். கிளினிக்கலும் அங்கே, அந்த நாட்டு லைசென்ஸ் உள்ளவர் மேற்பார்வையில்தான் நடக்கும். முத்தியால்பேட்டையில் உட்கார்ந்து அந்த மணிநேரத்தை யாரும் கணக்கில் ஏற்ற முடியாது. மாணவர் விசா கதையும் நிற்காது. எஃப்-1 விசாவில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம்தான் முழுநேரப் படிப்புக் கணக்கில் சேரும். முழுக்க ஆன்லைனான படிப்புக்கு அந்த விசா கிடையாது.

காசு கொடுத்து வாங்குகிற பட்டம் எங்கே போய் முடியும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஜனவரியில் புளோரிடாவில் 7,600-க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமோக்கள் விற்கப்பட்டதை அமெரிக்க அரசு வெளியே கொண்டுவந்தது. விற்றவர்கள் மீது வழக்கு, வாங்கியவர்களின் லைசென்ஸ் மீது விசாரணை.

உண்மையான வழி நீளமானது. உங்கள் படிப்பையும் கவுன்சில் பதிவையும் மதிப்பீடு செய்ய வைத்து, ஒரு மாநில போர்டின் அனுமதி பெற்று, என்கிளெக்ஸ் என்ற ஆர்.என். லைசென்ஸ் தேர்வை எழுத வேண்டும். அந்தத் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். ஆர்.என். ஆக அங்கே போய் வேலை பார்த்தபின் மேற்படிப்பு. வருடங்கள் ஆகும், ஆனால் ஒவ்வொரு படியும் உங்கள் பெயரில் நிற்கும். ஐ.சி.யூ. அனுபவத்தை விட்டுவிடாதீர்கள், அதுதான் உங்கள் கையிலிருக்கும் பெரிய சொத்து.

கேள்வி: நான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் எம்.ஏ. முடித்தவன். மகள் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம். அவளும் வேலை பார்த்துக்கொண்டே எம்.எஸ்சி. நர்சிங்கைத் தொலைதூரத்தில் படிக்கலாமா? நர்ஸ் பிராக்டிஷனர் என்று இந்தியாவில் உண்டா?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: ஐயா, நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தபால் படிப்புதான் பட்டம் தந்தது. ஆனால் நர்சிங்குக்கு அந்த வழி இல்லை. யு.ஜி.சி.யின் 2020 விதிமுறைகள் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாத படிப்புகளில் நர்சிங்கையும் சேர்த்திருக்கின்றன. யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு இங்கேயும் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்காக எம்.எஸ்சி. நிலையில் வகுத்தது, இரண்டு வருடம், மருத்துவமனையில் தங்கிப் பயிலும் முறை. பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்து, ஒரு வருடமாவது வேலை பார்த்திருக்க வேண்டும். பிரசவப் பிரிவுக்கு 18 மாதப் படிப்பு தனியாக இருக்கிறது. முடித்தவர்களுக்கான தனிப் பணியிடங்கள் எல்லா மருத்துவமனையிலும் இன்னும் உருவாகவில்லை, அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். உருவாக வேண்டும் என்று விரும்புகிறவள் நான். 1965-ல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இந்தப் படிப்பைத் தொடங்கியது, டாக்டர் எட்டாத இடத்துக் குழந்தைகளை நர்ஸ் பார்க்கட்டும் என்றுதான். நம் கிராமங்களில் வீடு வீடாகப் போகிற வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) சிஸ்டர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணம் அந்நியமாகத் தோன்றாது.

மகள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிளினிக்கல் லாக் புத்தகத்தில் ஒவ்வொரு போஸ்டிங்கின் மணிநேரமும் கையெழுத்தோடு இருக்கிறதா என்று பார்த்து, நகல் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். கல்லூரியை விட்டு வந்தபின் அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. நாலாம் வருடம் போஸ்டிங் பிரிக்கும்போது ஐ.சி.யூ.வைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.