சாய்ந்த டிங்கி குப்புறப் போகாமலிருக்க: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். டிங்கி (சின்னப் பாய்ப்படகு) பக்கவாட்டில் சாய்ந்ததோடு நிற்பதில்லை, பாய்மரம் கீழே, அடிப்பக்கம் மேலே என்று குப்புறப் போய்விடுகிறது. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டதால் இவற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கே: என் 4 மீட்டர் ஃபைபர் டிங்கி சாய்ந்த அரை நிமிடத்தில் குப்புறப் போகிறது. பாய்மர உச்சியில் கட்ட எந்த மிதவை வாங்கலாம்? (தேவிபட்டினம்)

ப: காசு செலவழிக்கும் முன் பாய்மரத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் கடலில் போடுங்கள். எடுத்து ஒரு முனையைத் தூக்கும்போது உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் கோளாறு அங்கேதான். 60 மில்லிமீட்டர் விட்டம், 6 மீட்டர் நீளம் உள்ள அலுமினியக் குழாயின் எடை சுமார் 6 கிலோ. அடைத்து வைத்தால் அது 17 லிட்டர் தண்ணீரை விலக்கும், அதனால் மிதக்கும். துளை இருந்தால் தண்ணீர் புகுந்து மூழ்கும். படகை நிமிர்த்தும்போது உள்ளே புகுந்த 15 கிலோ தண்ணீரையும் சேர்த்துத் தூக்கவேண்டி வரும். வத்தை என்னும் நாட்டுப் பாய்ப்படகு வைத்திருக்கும் நம் ஆட்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கட்டையில் செய்த பாய்மரமும் மூங்கில் பாய்மரமும் தாமாகவே மிதக்கும்.

ரிவெட் துளை, அடி மூடி, உச்சி மூடி எல்லாவற்றையும் சிலிக்கோன் பசை வைத்து அடையுங்கள். கயிறு உள்ளே ஓடும் பாய்மரமானால் முழுக்க அடைக்க முடியாது. மேல் பாதியில் தண்ணீர் உறிஞ்சாத ஃபோமைத் திணியுங்கள். அதன் பிறகும் குப்புறப் போனால் மிதவையைப் பற்றிப் பேசலாம்.

கே: உச்சி மிதவை எத்தனை லிட்டர் இருக்க வேண்டும்? (பாம்பன்)

ப: 4 மீட்டர் படகுக்கு 20 லிட்டர், 5 மீட்டருக்கு 30 முதல் 40. பாயைக் கீழே இறக்கத் தடையாகிற மாதிரி மட்டும் கட்டாதீர்கள்.

கே: படகு கவிழ்கிறது. என்ன செய்ய?

ப: என்ன படகு, எத்தனை மீட்டர், எத்தனை பேர், எந்தக் கடல்? ஒன்றையும் எழுதாமல் பதில் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதுவரை எல்லாருக்கும் சொல்வதே உங்களுக்கும்: சாய்ந்த உடனே மெயின்ஷீட்டை (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு) விடுங்கள், படகை விடாதீர்கள்.

கே: இரண்டு பக்க அறைகளிலும் காலி தண்ணீர் கேன்களை அடைத்துவிட்டேன். முன்பைவிட வேகமாகக் குப்புறப் போகிறது. இன்னும் கேன் சேர்க்கலாமா? (கீழக்கரை)

ப: சேர்க்கக் கூடாது. இருப்பதிலும் பாதியை எடுங்கள். இதே தவற்றை ஆண்டுதோறும் யாராவது செய்கிறார்கள். நானும் ஆண்டுதோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூழ்காமல் இருப்பதும் குப்புறப் போகாமல் இருப்பதும் வேறு வேறு. பக்க அறையில் அளவுக்கு மீறிக் காற்று இருந்தால், சாய்ந்த படகு அந்த அறையின் மேல் உயரமாக ஏறி மிதக்கும். உடல் உயர்ந்தால் மரத்தின் நுனி தாழும். தண்ணீருக்கு மேலே நிற்கும் அடிப்பக்கத்தைக் காற்று அறைந்து தள்ளும். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையான சென்டர்போர்டு கைக்கெட்டாத உயரத்துக்குப் போய்விடும். எட்டாததால் மேல் விளிம்பைப் பிடித்துத் தொங்குவீர்கள், அல்லது மரத்தையும் பூமையும் (பாயின் அடியில் இருக்கும் கிடைக்கழி) பிடித்து ஏறப் பார்ப்பீர்கள். இரண்டுமே படகைக் குப்புறத் தள்ளும் வேலைதான். போதாததற்கு, உயர்ந்து நிற்கும் காலிப் படகு நீங்கள் நீந்துவதைவிட வேகமாகக் காற்றோடு போகும்.

காற்றை முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும், நடுக்கோட்டை ஒட்டி வையுங்கள். பக்கத்தில் குறைவாக இருக்கட்டும். கட்டுவதிலும் கவனம் வேண்டும். 20 லிட்டர் கேன் தண்ணீருக்குள் ஏறக்குறைய 20 கிலோ விசையோடு மேலே இழுக்கும், சணல் கயிறு அதைத் தாங்காது. தெர்மாகோல் துண்டுகள் பெட்ரோல் பட்டால் கரைந்துபோகும், அவை வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் காற்றில்லாத காலையில் நெஞ்சளவு தண்ணீரில் படகைப் பாயோடு சாய்த்துப் போடுங்கள். மர நுனி ஐந்து நிமிடம் தண்ணீர் மட்டத்திலேயே கிடக்க வேண்டும். அடுத்து, படகு நிறையத் தண்ணீர் விட்டு எப்படி மிதக்கிறது என்று பாருங்கள். இந்தச் சோதனை செய்யாத படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

கே: மண்டபம் வடக்குக் கடலில் மரம் சேற்றில் குத்திக்கொண்டது. இழுத்ததில் வளைந்துவிட்டது.

ப: அமைதியான கடல், ‘பெண் கடல்’ என்று அலட்சியம் வேண்டாம். கரையோரம் ஆழம் 2, 3 மீட்டர்தான், மரமோ 6 மீட்டர். குத்தத்தான் செய்யும். படகின் மேல் யாரும் ஏறக் கூடாது, உங்கள் எடையே மரத்தை இன்னும் ஆழமாக இறக்கும். தண்ணீரில் இருந்தபடி முன்பக்கத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்புங்கள். இன்னொரு படகு இழுப்பதானால், மரம் குத்தியிருக்கும் திசைக்கு நேர் எதிரே மெதுவாக இழுக்க வேண்டும். கயிற்றை மரத்தில் கட்டாதீர்கள். ஆள் தண்ணீரில் இருக்கும்போது இன்ஜின் சுழலக் கூடாது. உச்சி மிதவை மிகவும் உதவுவது இந்த மாதிரிக் கடலில்தான்.

கே: முழுசாகக் குப்புறப் போன பிறகு எப்படி நிமிர்த்துவது? (தொண்டி)

ப: முதலில் தலைகளை எண்ணுங்கள், பாய்க்கு அடியில் யாரும் சிக்கியிருக்கக் கூடாது. பிறகு விளிம்பில் நின்று, சென்டர்போர்டைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து பொறுத்திருங்கள். உடனே அசையாது, மெல்ல மெல்லத்தான் திரும்பும். மரம் தண்ணீர் மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, முன்பக்கம் காற்றைப் பார்த்த பிறகு மிச்சத்தை நிமிர்த்துங்கள். மெயின்ஷீட் விடுபட்டிருக்க வேண்டும். சென்டர்போர்டுக்குப் பதில் மேலிருந்து செருகும் பலகையான டாகர்போர்டு உள்ள படகானால் அதை ரப்பர் கயிற்றால் கட்டிவையுங்கள். குப்புறப் போனால் நழுவி விழும், பிறகு பிடிக்க எதுவும் இருக்காது.

கே: 9 வயது மகள் ஆப்டிமிஸ்ட் (சிறுவர்களுக்கான சின்னப் பாய்ப்படகு) ஓட்டுகிறாள். உச்சி மிதவை தேவையா?

ப: தேவையில்லை. மூன்று காற்றுப்பைகளும் காற்று இறங்காமல் இருக்கின்றனவா, மரம் படகோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். மிதவை ஜாக்கெட் அவள் அளவுக்கு இருக்கட்டும்.

கே: கரை அரை கிலோமீட்டர்தான் என்றால் நீந்தி வந்துவிடலாமே? (தேவிபட்டினம்)

ப: கூடாது. உங்கள் கரையில் கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையோரம் அலை இருக்காது, தூரம் குறைவாகத் தெரியும், ஆனால் நீந்துவது காற்றுக்கு எதிராக. குப்புறக் கிடக்கும் படகு தொலைவிலிருந்தும் தெரியும், உங்கள் தலை தெரியாது. படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் புகாத உறையில் போன் கழுத்தில் இருக்கட்டும்: கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் 1093. கிளம்பும் முன் எப்போது திரும்புவீர்கள் என்று கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.