இண்டிகாவா, சாட்டிவாவா? வாசகர் கேள்விகளுக்குப் போதை மீட்பு மருத்துவர் பதில்

டாக்டர், கஞ்சாவில் இண்டிகா ரகம் அடித்தால் தூக்கம், சாட்டிவா அடித்தால் சுறுசுறுப்பு என்கிறான் பெங்களூரில் இருக்கும் நண்பன். நிஜமா? (குமுளி)

செடியைப் பார்த்தால் இரண்டும் வேறுதான். இண்டிகா என்று இன்று சொல்லப்படும் ரகம் ஆப்கானிஸ்தான், இந்துகுஷ் மலைப் பக்கத்துச் செடி. குட்டையாக, புதர் மாதிரி அடர்ந்து வளரும், இலையின் விரல்கள் அகலம், கரும்பச்சை, சீக்கிரம் பூக்கும். சாட்டிவா ஆள் உயரத்தைத் தாண்டும், இலை ஒல்லி.

ஆனால் போதையைத் தீர்மானிப்பது இலையின் அகலம் இல்லை. போதை ஏற்றும் பொருளான டி.எச்.சி. எவ்வளவு, போதை ஏற்றாத சி.பி.டி. எவ்வளவு, எவ்வளவு உள்ளே போனது, அடிப்பவருக்கு எத்தனை நாள் பழக்கம், இவைதான் கணக்கு. உடம்பு கனப்பது, கண் சிவப்பது, வாய் வறள்வது, அகோரப் பசி, நெஞ்சு படபடப்பு எல்லாம் டி.எச்.சி. செய்யும் வேலை, எந்த ரகத்திலும் வரும். தூக்கத்துக்கு மிர்சீன் என்ற மணப்பொருளைக் காரணம் சொல்வார்கள். அது மாம்பழத்திலும் இருக்கிறது! ரகங்களைக் கலப்பினம் செய்து செய்து, வெளிநாட்டுக் கடை லேபிளே நம்பும்படியாக இல்லை. நம்மூரில் பேப்பரில் மடித்துக் கைமாறும் பொட்டலத்துக்கு ஏது லேபிள்?

இடுக்கி மலைக் கஞ்சா, இடுக்கி கோல்டு, இண்டிகாதானே? (வண்டிப்பெரியாறு)

இல்லை, அது உயரமான ஒல்லி இலை ரகம். வேடிக்கை என்னவென்றால், 1785-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லாமார்க் 'இண்டிகா' என்று பெயர் வைத்தது இந்தியாவிலிருந்து போன செடிக்கு. பிற்பாடு அந்தப் பெயர் ஆப்கான் குட்டைச் செடிக்குப் போய்விட்டது.

ஏலத்தோட்ட வேலை. ராத்திரி ஒரு கஞ்சா பீடி இழுத்தால்தான் தூக்கம். விட்டால் கண்ட கனவும் வருகிறது. (நெடுங்கண்டம்)

கனவு வரும் தூக்கத்தை டி.எச்.சி. அமுக்கி வைக்கும். நிறுத்தியதும் அமுங்கிக் கிடந்தது மொத்தமாகக் கிளம்பும். அது கெட்ட சகுனமில்லை, சில வாரம் பொறுத்தால் பெரும்பாலும் அடங்கும். அதற்குப் பயந்து மறுபடி பற்ற வைத்தால் முதலிலிருந்து ஆரம்பம்.

மகனுக்கு 22 வயது. காலையில் ஓயாத வாந்தி. ஸ்கோப் பார்த்தும் ஒன்றுமில்லை. ஒரு நாளைக்கு நாலு தடவை வெந்நீரில் குளிக்கிறான். (கம்பம்)

அம்மா, உங்கள் கடிதத்தில் அந்த வெந்நீர்தான் எனக்கு முக்கியம். வருடக்கணக்காகத் தினமும் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு இப்படி ஒரு வாந்தி நோய் வரும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் ஆறுதல். குளியலறையைவிட்டு வர மாட்டார்கள். தோல் வெந்து போய் என்னிடம் வந்தவர் உண்டு. கஞ்சாவை அடியோடு நிறுத்துவதுதான் வைத்தியம். சிறுநீர் குறைந்தாலோ தலை சுற்றினாலோ காத்திருக்காதீர்கள், உடனே குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். பையனிடம் "கஞ்சா குடிக்கிறாயா" என்று கேட்காமல் "எத்தனை நாளாக" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு பொட்டலத்துக்கெல்லாம் கேஸ் கிடையாதாமே? (போடிமெட்டு)

யார் சொன்னது? செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 1985-ஆம் ஆண்டின் ஒரே மத்தியப் போதைப்பொருள் சட்டம்தான். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு' என்பது தண்டனையின் அளவுக்கு மட்டும். அதற்கும் ஓராண்டு வரை சிறை உண்டு. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாகச் சிகிச்சைக்கு வந்தால் சிறிய அளவு வழக்கிலிருந்து விலக்குக் கேட்க, 64ஏ பிரிவில் வழி இருக்கிறது. கேரளத்தில் இருந்தால் அந்த அரசின் போதை மீட்புத் திட்டமான விமுக்தியின் எண் 14405-ஐக் கூப்பிடலாம்.