சராசரி தெரிந்தால் போதாதா? திட்ட விலக்கம் எதற்கு, அதில் வர்க்கம் எடுப்பது ஏன்?

போதாது. 48, 49, 50, 51, 52 என்று ஐந்து எண்கள். இன்னொரு பக்கம் 10, 30, 50, 70, 90. இரண்டுக்கும் சராசரி 50தான், ஆனால் முதல் தொகுப்பில் எதை எடுத்தாலும் 50-ஐ ஒட்டியே இருக்கிறது, இரண்டாவதில் 40 தள்ளிக்கூட நிற்கிறது. சராசரியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதுதான் வீச்சு, திட்ட விலக்கம் போன்ற சிதறல் அளவைகளின் வேலை. சூத்திரத்துக்கு முன்னால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வீச்சு சுலபம், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் முடிந்தது. ஆனால் அது இரண்டு ஓரங்களை மட்டும்தான் பார்க்கும். 10, 50, 50, 50, 90 என்றாலும் வீச்சு, இரண்டாவது தொகுப்புக்கு வரும் அதே 80தான். நடுவில் மூன்று எண்கள் குவிந்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

சரி, ஒவ்வொரு எண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக் கூட்டலாமே? கூட்டினால் எப்போதும் பூஜ்ஜியம்தான் வரும், மேலே விலகியதும் கீழே விலகியதும் சரிக்குச் சரி கழிந்துவிடும். அதனால்தான் வர்க்கம். முதல் தொகுப்பில் விலகல்கள் -2, -1, 0, 1, 2. வர்க்கங்களின் கூடுதல் 10, ஐந்தால் வகுத்தால் 2, இது விலக்க வர்க்கச் சராசரி. செ.மீ.யில் அளந்திருந்தால் இப்போது சதுர செ.மீ. ஆகியிருக்கும், அதைப் பழைய அலகுக்குக் கொண்டுவர வர்க்கமூலம்: 1.41. இதுதான் திட்ட விலக்கம். இரண்டாவது தொகுப்புக்கு 28.28 வரும், ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

மைனஸ் குறியை மட்டும் விட்டுவிட்டால் ஆகாதா என்றால், ஆகும், அதுதான் சராசரி விலக்கம். ஆனால் விலகல் வர்க்கங்களின் கூடுதல் மிகக் குறைவாக வரும் இடம் சரியாகச் சராசரிதான். குறியை விட்டுக் கூட்டினால் அந்த இடம் இடைநிலை அளவுக்கு, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணுக்கு, போய்விடும். மையமாகச் சராசரியை எடுத்தவர் வர்க்கத்தை எடுப்பதுதான் பொருத்தம். அப்புறம், ஒன்றையொன்று சாராத இரண்டு மாறிகளைக் கூட்டும்போது அவற்றின் விலக்க வர்க்கச் சராசரிகள் அப்படியே கூடும், சராசரி விலக்கம் பொதுவாக அப்படிக் கூடாது. புள்ளியியலில் பாதிக் கட்டடம் இதன் மேல்தான் நிற்கிறது, பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. 52-ஐத் தவறுதலாக 502 என்று டைப் செய்துவிட்டால் சராசரி 140 ஆகிவிடும், திட்ட விலக்கம் 1.41-லிருந்து 181-க்குத் தாவிவிடும். ஐந்தில் ஒரு எண்கூட 140 பக்கத்தில் இல்லை! இடைநிலை அளவு மட்டும் அதே 50. இப்படி ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் எண்கள் இருந்தால் இடைநிலையும் கால்மான விலக்கமும்தான் (வரிசையில் முக்கால் இடத்து எண்ணிலிருந்து கால் இடத்து எண்ணைக் கழித்ததில் பாதி) நம்பகமானவை.

அலகு வேறான இரண்டை ஒப்பிட, திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்குங்கள், அது மாறுபாட்டுக் கெழு. சராசரி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கடைசியாக, கால்குலேட்டரில் வகுக்கும் எண்ணாக n (மொத்தம் எத்தனை எண்கள் என்பது), n-1 என்று இரண்டு இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். முழுத்தொகுதியும், அதாவது நமக்கு வேண்டிய எல்லா எண்களும், கையில் இருந்தால் n. அதிலிருந்து எடுத்த மாதிரி மட்டும் இருந்தால் n-1, ஏனென்றால் மாதிரியின் சராசரி அதன் எண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் விலகல்கள் கொஞ்சம் குறைவாகவே தெரியும், சின்ன எண்ணால் வகுப்பது அதை ஈடுகட்டும். முதல் தொகுப்பு அப்படி எடுத்த ஒரு மாதிரி என்றால் 10-ஐ நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும், 1.41-க்குப் பதில் 1.58 வரும்.