1956இல் வந்த ‘அரவுண்ட் தி வேர்ல்ட் இன் எய்ட்டி டேஸ்’ படத்தை ஏன் இரண்டு நெகட்டிவில் (கேமராவில் பதியும் மூலப் பிலிமில்) எடுத்தார்கள்?

பிரேம் வேகம்தான் காரணம். டாட்-ஏஓ என்ற அகலத்திரை முறைக்கு நொடிக்கு 30 பிரேம்; ஊரெல்லாம் இருந்த 35 மி.மீ. தியேட்டர்களுக்கு 24.

மூன்று புரொஜெக்டர் வைத்து ஓட்டிய சினிராமாவின் பிரம்மாண்டத்தை ஒரே புரொஜெக்டரில் கொண்டுவர நினைத்தார் தயாரிப்பாளர் மைக் டாட்; அப்படிப் பிறந்ததுதான் டாட்-ஏஓ. நெகட்டிவ் 65 மி.மீ., தியேட்டரில் ஓட்டும் பிரிண்ட் 70 மி.மீ. கூடுதலான 5 மி.மீ. பிலிமை நகர்த்தும் ஓரத் துளைகளுக்கு வெளியே இருபுறமும் 2.5 மி.மீ.யாகப் பிரிந்து, ஆறு தடக் காந்த ஒலிப்பட்டைக்கு இடம் கொடுத்தது. பெரிய திரையில் நல்ல வெளிச்சத்தோடு 24 பிரேம் ஓட்டினால் படம் மினுக்கும். கேமரா பக்கவாட்டில் திரும்பும்போது தூண், ஜன்னல் விளிம்பெல்லாம் துள்ளும். 30 ஆக்கியதும் இரண்டும் நன்றாகவே குறைந்தன.

பிலிம் செலவு மட்டும் எகிறியது. ஒரு பிரேமுக்கு 5 துளை, துளைக்குத் துளை 4.75 மி.மீ. அதாவது நொடிக்கு 71 செ.மீ.க்கு மேல் ஓடும், 35 மி.மீ. பிரிண்டில் 45.6 செ.மீ.தான். மூன்று மணி நேரப் படத்துக்கு ஏறக்குறைய 7.7 கிலோமீட்டர் பிலிம்!

இந்த 30 பிரேம் படத்தை 24இல் ஓட்டினால் 180 நிமிடம் 225 ஆகிவிடும், நாயகன் டேவிட் நிவன் பேசுவது கட்டைக்குரலாகி இழுக்கும். ஐந்துக்கு ஒரு பிரேமை வெட்டி எறிந்தால் ஓடும் ரயில் தாவித் தாவிப் போகும். அதனால்தான் 24 பிரேமில் ஓடும் இன்னொரு 65 மி.மீ. கேமராவையும் வைத்து எடுத்தார்கள். சாதாரண தியேட்டர்களுக்கான 35 மி.மீ. பிரிண்டுகள் அந்த நெகட்டிவிலிருந்து வந்தவை. இத்தனை பாரத்தோடு நாடு நாடாகப் போய் எடுத்ததற்கு ஒளிப்பதிவாளர் லயனல் லிண்டனுக்குக் கிடைத்த ஆஸ்கார் முழுக்க நியாயமானது.

30 பிரேம் டாட்-ஏஓவில் வந்த கதைப்படங்கள் ‘ஓக்லஹோமா!’வும் (1955) இதுவும் மட்டுமே. அடுத்து வந்த ‘சவுத் பசிபிக்’ (1958) 24க்கு இறங்கிவிட்டது.

பார்ப்பதானால் 2.20:1 அகலத்தில், மூன்று மணி நேர முழுப் பதிப்பைத் தேடுங்கள். வெட்டிச் சுருக்கிய பதிப்பும் உலவுகிறது. தொடக்கத்தில் பிரெஞ்சு சினிமா முன்னோடி மெலியஸின் 1902 படத் துண்டு சின்னச் சட்டத்துக்குள் வரும், கோளாறென்று நினைத்து டிவி செட்டிங்கை மாற்றாதீர்கள், பிறகு திரை தானே விரியும். கதை முடிந்ததும் நிறுத்தவும் வேண்டாம்: சால் பாஸ் வரைந்த அனிமேஷன் டைட்டில் கடைசியில்தான் வருகிறது, நடிகர்கள் பெயரெல்லாம் அதில்தான்.