விறாந்தையில் நிற்கும் பிள்ளைகள் அம்மம்மாவுக்கு மட்டும் தெரிவது ஏன்?

கேள்வி: வணக்கம் டொக்டர், நாங்கள் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். அம்மம்மாவுக்கு 81 வயது. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டதென்று கிளினிக்கில் சொன்னார்கள். முகம் பிடிபடாது, குரலை வைத்துத்தான் ஆளை அறிவார். இரண்டு மாதமாகப் பொழுதுபடும் நேரத்தில் விறாந்தையில் சின்னப் பிள்ளைகள் கலர்ச் சட்டையோடு நிற்கிறார்கள் என்கிறார். பேச மாட்டார்களாம், சும்மா நிற்பார்களாம். முதல்நாள் அவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். இப்போது "அதுகள் உண்மையில்லை, எனக்குத் தெரியும்" என்று தானே சொல்கிறார். மாமி காத்துக்கறுப்பு என்கிறார், அண்ணா அறளை பெயர்ந்துவிட்டது என்கிறார். எது சரி?

பதில்: இரண்டுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். "உண்மையில்லை, எனக்குத் தெரியும்" என்று அம்மம்மா சொல்கிறார் பாருங்கள், அந்த ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அறளை பெயர்ந்தவர் பெரும்பாலும் அப்படிச் சொல்ல மாட்டார், அந்தப் பிள்ளைகள் உண்மை என்றே நம்புவார். பார்வை குறைந்தவருக்கு இப்படி இல்லாத உருவங்கள் தெரிவதற்கு சார்லஸ் பொனே நோய்க்குறி என்று பெயர். பொனே ஜெனீவாக்காரர், இயற்கை ஆராய்ச்சியாளர். வெண்புரையால் பார்வை போன தன் தாத்தா, 90 வயதை எட்டும் நேரத்தில், இல்லாத ஆட்களையும் பறவைகளையும் கண்டதை 1760இல் எழுதிவைத்தார். அந்தத் தாத்தாவுக்கும் புத்தி தெளிவாகத்தான் இருந்தது.

ஏன் இப்படி? கண் படம் பிடித்து அனுப்புகிறது, மூளை அதைப் பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம். அப்படியில்லை. விழித்திரை வெளிச்சத்தை மின் சைகையாக்கி, ஒரு கண்ணுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் நரம்பிழைகள் வழியாக, பிடரிப் பக்கம் இருக்கும் மூளைப் பகுதிக்கு அனுப்புகிறது. அங்கே கோடு, விளிம்பு என்று துண்டு துண்டாகப் பிரிபட்டு, நிறத்துக்கு ஓர் இடம், அசைவுக்கு ஓர் இடம், முகத்துக்கென்றே மூளையின் அடிப்புறத்தில் ஓர் இடம் என்று போய்ச் சேர்ந்து, பிறகுதான் "ஓ, இது மாமி" என்று ஆகிறது. சேதி வராத இடத்தையும் மூளை வெறுமனே விடாது, தானே நிரப்பிவிடும்.

நம்பிக்கை இல்லையா, கோடு போட்ட கொப்பித்தாள் ஒன்றை எடுங்கள். ஒரே கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு புள்ளடி, அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் வலப்பக்கம் பருப்பளவில் ஒரு கறுப்புப் பொட்டு. இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு, வலக்கண்ணால் புள்ளடியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்லக் கிட்டக் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஓர் அடித் தூரத்தில் பொட்டு காணாமல் போகும், ஆனால் அந்த இடத்தில் ஓட்டை தெரியாது, கோடு அறுபடாமல் ஓடும். நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடம் அது, அங்கே பார்வையே கிடையாது. அந்தக் கோட்டுத் துண்டைக் கீறியது உங்கள் மூளை.

அம்மம்மாவுக்குப் போய்விட்டது பார்வையின் நட்ட நடுப்பகுதி. சைகை குறைந்ததும் நிறத்துக்கும் முகத்துக்குமான இடங்கள் தாமாகவே இயங்கத் தொடங்கிவிடுகின்றன. 1998இல் லண்டனில் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் பண்ணிப் பார்த்தபோது, இல்லாத முகம் தெரிந்தவருக்கு முகத்துக்கான இடமும், இல்லாத நிறம் தெரிந்தவருக்கு நிறத்துக்கான இடமும் உண்மையிலேயே வேலை செய்துகொண்டிருந்தன. யுத்தத்திலோ சீனி வருத்தத்திலோ கால் இழந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர், இல்லாத பாதம் உளைகிறது என்பார்களே, கிட்டத்தட்ட அதே கதைதான். பொழுதுபட்டு வெளிச்சம் மங்கினால் சைகை இன்னும் குறையும், அதனால்தான் அந்த நேரம்.

இது அபூர்வமில்லை, ஆட்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். கிளினிக்குக்கு வந்த ஒரு ஐயா, மகன் வெளியே போனபிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, சுவரெல்லாம் வேலி வேலியாத் தெரியுது, சொன்னா அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப்போடுவாங்களோ" என்று கேட்டார்.

சரி, செய்ய வேண்டியது. பின்னேரம் ஐந்தரைக்கே விறாந்தை லைட்டைப் போடுங்கள். பிள்ளைகள் வந்தால் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாக ஒரு கால் நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள், அல்லது எழும்பி அவர்களைத் தொடப் போகச் சொல்லுங்கள், பலருக்கு மறைந்துவிடும். கண் கிளினிக்கில் மறுபடி காட்டுங்கள், தேய்ந்த விழித்திரைக்கு மேலே வெண்புரையும் இருந்தால் அதை எடுத்தாலே குறையக்கூடும். பலருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் தானாகவே குறையும், சிலருக்கு நீளும். மாமி கோவிலில் நூல் கட்டுவதென்றால் கட்டட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. வேப்பிலை அடிக்கிறேன், புகை போடுகிறேன் என்று அந்த மனுஷியைப் பயப்படுத்த மட்டும் விடாதீர்கள்.

ஆனால் அந்தப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால், உண்மை என்று அம்மம்மா நம்பத் தொடங்கினால், நடை தளர்ந்து கை நடுங்கினால், தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள், அது வேறு வருத்தமாக இருக்கலாம். காய்ச்சலோடு திடீரென்று தடுமாறினாலோ, வாய் கோணி ஒரு பக்கம் சோர்ந்தாலோ 1990 அம்புலன்ஸுக்கு உடனே அடியுங்கள். புதுக் குளிசை தொடங்கிய பிறகு வந்ததா என்பதையும் பார்க்க வேண்டும், அதனால் கிளினிக்குக்குப் போகும்போது கிளினிக் கொப்பியோடு வீட்டில் இருக்கும் குளிசை முழுவதையும், மாமி கடையில் வாங்கிக் கொடுத்த நித்திரைக் குளிசை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.